முப்பத்தாறு படமும் ஒரு குளமும்

சுசீந்திரம் தேரோட்டத்தில் நான் நாற்பத்தோரு படம் எடுத்தேன். ரோலில் இருந்தது முப்பத்தாறு. சிக்கனமாகக் கோத்தால் ஒன்றிரண்டு கூடக் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், எண் முப்பத்தாறைத் தாண்டிய பிறகும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே எடுத்தேன். நாற்பது ஆனபோதுகூடச் சந்தேகம் வரவில்லை. ராசியான ரோல் என்று சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுவது அந்தச் சந்தோஷம்தான்.

1991 மார்கழி, ஒன்பதாம் திருவிழா. சுவாமி தேர், அம்மன் தேர், பிள்ளையார் தேர் மூன்றும் ரதவீதியில் அசைந்து வந்தன. வடம் பிடித்தவர்களின் கால்களுக்கு நடுவே குந்தியிருந்து எடுத்தேன். தெரிந்த வீட்டு மச்சில் ஏறி, ஏழுநிலைக் கோபுரமும் தேரின் உச்சியும் சேர்ந்து வரும்படி எடுத்தேன். மறுநாள் காலை நாகர்கோவிலில், வழக்கமாகப் போகும் ஸ்டுடியோ அண்ணாச்சியிடம் கேமராவை நீட்டினேன். அவர் இடப்பக்கத்துக் குமிழை ஒற்றை விரலால் சுற்றினார். பிடிப்பே இல்லாமல் சுற்றியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி, பட்டப்பகல் வெளிச்சத்தில், முதுகுக் கதவைப் படக்கென்று திறந்துவிட்டார். எனக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. உள்ளே, நான் முந்தின நாள் செருகிய இடத்திலேயே பிலிமின் நாக்கு சுருண்டு கிடந்தது. பல்சக்கரம் அதைக் கவ்வவே இல்லை.

"தம்பி, தேரு நெலைக்கு வந்தாச்சு. ஒனக்க பிலிம்தான் இன்னும் பொறப்படல்ல."

அதற்குப் பிறகு அவர் காட்டித்தந்தது ஒரு நிமிட வேலை. பிலிமைக் கோத்து மூடியதும் குமிழை மெல்லத் திருகித் தொய்வை எடுத்துவிட வேண்டும். பிறகு லிவரைத் தள்ளும்போது குமிழ் தானாக எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று கண் வைக்க வேண்டும். சுற்றினால் உள்ளே பிலிம் ஓடுகிறது. சுற்றாவிட்டால் விரலுக்கு உடற்பயிற்சி, அவ்வளவுதான். கேமரா கைக்கு வந்து எட்டு மாதமாகியும் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எஃப் எண், ஷட்டர் வேகம் எல்லாம் புத்தகத்தில் படித்து நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.

வெளிச்சம் படாத ரோல் என்பதால் அது வீணாகவில்லை. அதையே மறுபடி கோத்துக்கொண்டு, குமிழ் சுற்றுகிறதா என்று மூன்று தடவை பார்த்துக்கொண்டு, முகம் செத்துப்போய் சைக்கிளில் திரும்பும் வழியில் தேரூர் குளக்கரையில் இறங்கினேன். தேர் ஏறாத பிலிமில் முதலில் ஏறியது அந்தக் குளம்.

கேமரா என் அத்தானுடையது. 1990-ல் குவைத்தில் சண்டை வந்து, எங்கள் பக்கத்திலிருந்து போயிருந்த பலர் கட்டின துணியோடு திரும்பினார்கள். அத்தான் கொண்டுவந்த ஒரே பையில் துணிகளுக்கு நடுவே அந்த பென்டக்ஸ் கே1000 இருந்தது. அதைப் பார்த்தாலே அந்த நாட்கள் கண்ணில் வருகிறது என்று எனக்குத் தந்துவிட்டார். முழுக்க இரும்பு. பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் முள்ளுக்கு மட்டும்; பேட்டரி செத்தாலும் படம் எடுக்கும். ஒரே ஒரு 50 எம்எம் லென்ஸ். கண்ணை வைத்தால் வலது ஓரத்தில் ஒரு முள் ஏறி இறங்கும். அது நடுவில் நின்றால் வெளிச்சம் சரி என்று அர்த்தம். அந்த முள் பொய் சொல்லும் என்று தெரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் தேவைப்பட்டது.

அப்போது ஒரு அலுவலகத்தில் கிளார்க் வேலை. ரோல் வாங்கி, கழுவி, பிரிண்ட் போட்டு முடித்தால் சம்பளத்தில் பல் பட்ட தடம் தெரியும். ஆகவே மாதத்துக்கு ஒரு ரோல் என்று விரதம். அப்பா நெல் கணக்கு எழுத வைத்திருந்த நீள நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதத் தொடங்கினேன். மாசம், தேதி, மணி, இடம், எஃப் எண், வேகம். அதற்கப்பால் இரண்டு கட்டம்: 'நெனச்சது', 'வந்தது'. தேதியைத் தமிழ் மாதத்தில் எழுதினேன். நோட்டில் அப்பா அப்படித்தான் எழுதியிருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. கன்னிப்பூவும் கும்பப்பூவும் நடவும் அறுப்புமாக ஓடிய நோட்டில் எஃப் 8, 125 என்று எழுதுவது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதுவே உதவியது.

எப்படி உதவியது என்று சொல்ல வேண்டும். நான் படித்த புகைப்படப் புத்தகங்கள் எல்லாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுதியவை. சூரியன் உதித்த பிறகு ஒரு மணி நேரம், மறையும் முன் ஒரு மணி நேரம், பொன் வெளிச்சம், அப்போது எடு என்று எல்லாவற்றிலும் இருக்கும். நானும் நம்பி விடிந்து ஐம்பது நிமிஷத்தில் சாவகாசமாகக் குளக்கரைக்குப் போவேன். முகங்களில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுந்திருக்கும், தண்ணீர் வெளிறிக் கிடக்கும். 'நெனச்சது: பொன் நெறம். வந்தது: சுண்ணாம்பு' என்று மாதக்கணக்கில் எழுதியிருக்கிறேன். ஒருநாள் நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. தேறிய படங்கள் எல்லாமே உதித்து அரைமணிக்குள் எடுத்தவை.

காரணம் எளிது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 8 டிகிரி வடக்கே. இங்கே சூரியன் சரிந்து ஏறாது, தென்னையில் ஏறுகிற மாதிரி நட்டுக்க ஏறும். லண்டனில் டிசம்பர் மாத உச்சிவேளையில் சூரியன் எட்டும் உயரமே சுமார் 15 டிகிரிதான். நம்மூரில் விடிந்து ஒரு மணி நேரம் கொஞ்சம் தாண்டினால் அந்த உயரம் வந்துவிடும். அவர்களுக்கு நாள் முழுக்கக் கிடைக்கிற சாய்ந்த வெளிச்சம் நமக்கு ஒரு டீ குடிக்கும் நேரம். இன்னொன்றையும் நோட்டு காட்டியது. சித்திரை பிறப்பதற்குச் சில நாள் முன்பு உச்சியில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். ஆவணி நடுவில் மறுபடி ஒடுங்கும். இடைப்பட்ட மாதங்களில் மத்தியான வெயில் வடக்கேயிருந்து வரும். தெற்கு பார்த்த திண்ணை அப்போது நிழல். பாட்டா ஆனி மாசம் எந்தத் திண்ணையில் சாய்கிறார், தை மாசம் எங்கே கட்டிலைப் போடுகிறார் என்று பார்த்திருந்தாலே போதும், இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம். படம் எடுப்பவனுக்கு அது தெரிய மூன்று வருஷம் ஆயிற்று.

முள்ளின் பொய்யை நான் பிடித்தது புத்தளம் உப்பளத்தில்.

அந்தக் காலத்து கோடக் டப்பாவின் உள்பக்கம் சின்னச் சின்னப் படங்களோடு ஒரு அட்டவணை அச்சாகியிருக்கும். 100 ஏஎஸ்ஏ ரோல் என்றால் 125 வேகத்தில், தெளிவான நிழல் விழும் வெயிலுக்கு எஃப் 11, மணலிலோ பனியிலோ அடிக்கும் வெயிலுக்கு எஃப் 16 என்று. எனக்கு அந்த 'பனி' என்ற சொல்லைப் பார்த்தால் சிரிப்பு வரும். எங்கள் மாவட்டத்தில் பனிக்கு நான் எங்கே போவேன்? ஒரு பங்குனி மாசம் புத்தளத்தில் உப்புக் குவியல்களுக்கு நடுவே நின்றபோது, இதோ நம்மூர்ப் பனி என்று தோன்றியது. ஆனால் டப்பாவை நம்பவில்லை. முள்ளைத்தான் நம்பினேன். வெள்ளை வெளேரென்ற உப்பைப் பார்த்ததும் முள் துள்ளி மேலே போயிற்று. அதை நடுவுக்குக் கொண்டுவர எஃப் 22 வரை மூடி, வேகத்தையும் 250-க்கு ஏற்றினேன். பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை, அவர் நிமிர்ந்து வியர்வையைத் துடைக்கும் நேரம் பார்த்து எடுத்தேன். நெனச்சது என்ற கட்டத்தில் 'உப்பு வெள்ளையும் கறுத்த முகமும்' என்று எழுதியிருக்கிறேன்.

பிரிண்டில் உப்பு சாம்பல் குவியலாக இருந்தது. முகத்தைக் காணோம். தொப்பிபோல் கட்டிய துண்டுக்குக் கீழே ஒரு கரித்துண்டு.

லேபில் கெடுத்துவிட்டார்கள் என்று கோபத்தோடு அண்ணாச்சியிடம் போனேன். அவர் பிரிண்டைத் தொடவேயில்லை. "நெகட்டிவ எடு" என்றார். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை உப்பு அங்கே அட்டக்கரியாக, கனமாக இருக்க வேண்டும். மெலிந்த சாம்பலாக இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் நகத்தை வைத்துக் காட்டினார். அங்கே கண்ணாடி மாதிரித் தெளிவு. ஒரு கோடுகூட இல்லை.

"இங்க ஒண்ணுமே இல்ல பாத்தியா? இல்லாத மொகத்த லேப்காரன் எங்கேருந்து கொண்டாருவான்? பிரிண்ட நம்பாத. அவன் மெஷினு எல்லாத்தயும் தடவிச் சரிபண்ணிரும். நெகட்டிவப் பாரு, அது மட்டுந்தான் நீ செஞ்சது."

முள்ளுக்கு உலகமே நடுத்தரச் சாம்பல் நிறம். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உப்பைக் காட்டினால் அதைச் சாம்பலாக்கும். எருமையைக் காட்டினால் அதையும் வெளுக்கவைத்துச் சாம்பலாக்கும். வெள்ளையை வெள்ளையாக வைக்க முள் சொல்வதைவிட இரண்டு படி திறக்க வேண்டும், கறுப்புக்கு இரண்டு படி மூட வேண்டும். அல்லது உள்ளங்கையை வெயிலில் நீட்டி அதை அளந்துகொண்டு, உள்ளங்கை சாம்பலைவிட வெளுப்பு என்பதால் ஒரு படி திறந்தால் போதும். எனக்கு இதுதான் பிடித்தது. கை எப்போதும் கூடவே இருக்கிறது. டப்பாவின் யோசனையும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நிற்கும். அதை நான் குப்பையில் போட்டிருந்தேன்.

தோவாளையில் என் படத்தை விமர்சனம் செய்தது ஒரு பூக்காரி. விடியும் முன்பே கூடிவிடுகிற பூச்சந்தை அது. ஓணம் நெருங்கினால் கேரளத்துக்குப் போகும் லாரிகளும் வேன்களும் ரோட்டை அடைத்து நிற்கும். குண்டு பல்பு வெளிச்சத்தில் பிச்சிப்பூ மலையாகக் குவிந்திருக்க, அதன் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு அக்கா கட்டிக்கொண்டிருந்தார். லென்ஸை எஃப் 2-க்கு முழுக்கத் திறந்து, ஒரு தூணில் தோளைச் சாய்த்து, 15-ல் எடுத்தேன்.

"ஏ மக்கா, பூவ எடுத்தியா, என்ன எடுத்தியா?"

"ரெண்டையுந்தான்க்கா."

"பூவுக்கு வெல உண்டு. எனக்க மூஞ்சிக்கு?"

அடுத்த மாதம் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரியிடம் காட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்: "எல்லாம் சரி. பிச்சி என்னடே கிரேந்தி நெறத்துல இருக்கு?"

அதைவிட நறுக்கென்று யாரும் சொல்ல முடியாது. சாதாரணக் கலர் பிலிம் பகல் வெளிச்சத்துக்கென்று செய்தது. குண்டு பல்புக்குக் கீழே அது எல்லாவற்றையும் மஞ்சளாக்கும், டியூப்லைட்டுக்குக் கீழே பச்சையாக்கும். நம் கண் இதைத் தானே சரிசெய்துகொள்வதால் எடுக்கும்போது தெரிவதில்லை. பூக்காரிக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. வெள்ளைப் பூவை விற்று வாழ்கிறவருக்கு அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். அதன்பிறகு பல்பை அணைக்கும் நேரத்துக்குப் போகத் தொடங்கினேன். நீலத் தார்ப்பாய்க்குக் கீழே போகாமல், கூரையில்லாத ஓரத்தில் உட்காருபவர்களை எடுத்தேன். பிச்சியின் மொட்டுக்குக் கீழே ஒரு இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. அது படத்தில் வந்த அன்று அந்த அக்காவுக்கு இன்னொரு பிரிண்ட் போட்டேன். வாங்கிப் பார்த்து, "இதுதாம்டே" என்று சொல்லி, ஒரு முழம் வெட்டித் தந்தார். என் வீட்டில் பூ வைக்க அப்போது யாரும் இல்லை. கேமராப் பையில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

பத்மநாபபுரம் அரண்மனையில் நான் கற்றது கொஞ்சம்தான். சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்ததாகச் சொல்லும் அந்தக் கறுத்த தரை, ஜன்னலிலிருந்து விழும் ஒரு கீற்றையும் கண்ணாடிபோல் திருப்பி மேலே அனுப்பும். ஆளை நிற்கவைத்து எடுக்காமல் தரையில் உட்காரவைத்து எடுத்தால் முகத்தில் கீழேயிருந்து ஒரு மென்வெளிச்சம் கிடைக்கும். மூச்சை அடக்கி 8-ல் எடுக்கப் பழகியதும் அங்கேதான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஒன்றும் கற்கவில்லை. 115 அடி உயரத்தையும் ஒரு கிலோமீட்டர் நீளத்தையும் எல்லோரும் எடுக்கும் அதே இடத்திலிருந்து நானும் எடுத்தேன், எல்லோருக்கும் வந்த மாதிரியே வந்தது.

கன்னியாகுமரி முனையில் சுற்றுலா வருகிறவர்களை எடுக்கும் போட்டோக்காரர்களை நான் முதலில் இளக்காரமாகப் பார்த்தவன்தான். சூரியனை உள்ளங்கையில் தாங்குவதுபோல் எடுத்துத் தருவார்களே, அவர்கள். ஒரு விடியலில் அவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று வேலையைக் கவனித்தேன். வாடிக்கையாளரை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, இவர் நாலடி பின்னால் போய்க் குனிவார். கையும் சூரியனும் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடம் அவருக்குத் தலைமுடி அளவுக்குத் தெரியும். மாதத்துக்கு மாதம் சூரியன் உதிக்கும் இடம் நகர்வதால் தானும் நகர்ந்துகொண்டே இருப்பார். "மாசியில நான் அந்தக் கைப்பிடிச் செவுத்துப் பக்கம், ஆனியில இந்தப் பக்கம்" என்று காலால் காட்டினார். நான் நோட்டில் எழுதி வைத்திருந்ததை அவர் கால் வைத்திருந்தது.

தேரூர் குளத்துக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்க்கொண்டே இருந்தேன். கவிமணி பிறந்த ஊர். ஜூனில் பேச்சிப்பாறை அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்தால் குளத்தின் முகமே மாறும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் மெல்ல வற்றும்போது கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாம் இறங்கும். தாமரை இலைமேல் நீளவால் இலைக்கோழி நடக்கும். என்னிடம் இருந்ததோ 50 எம்எம் லென்ஸ். பறவை புள்ளியாக விழும். பெரிய லென்ஸ் வாங்க முடியாத ஆதங்கத்தில் 'வந்தது: புள்ளி', 'வந்தது: வெறும் தண்ணி' என்று எழுதித் தள்ளியிருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் மா. கிருஷ்ணனைப் பற்றித் தெரிந்தது. அ. மாதவையாவின் மகன். 1912-ல் பிறந்தவர். 1950 முதல் 1996-ல் சாகும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதியவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே சேர்த்து ஒட்டுப்போட்ட ஒரு கருவியில் காட்டு யானைகளைக் கறுப்புவெள்ளையில் எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலைப் பிற்பாடு வாங்கினேன். விலை கூடிய லென்ஸ் இல்லாததற்கு இனி அழக்கூடாது என்று தோன்றியது. அந்த வைராக்கியம் சுமார் ஒரு மாதம் இருந்தது.

2009-ல் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். முதல் ஞாயிறு குளக்கரையில் நானூற்றுச் சொச்சம் படம். முப்பத்தாறில் நான்கு தேறிய இடத்தில் நானூறிலும் நான்குதான் தேறியது. அதைவிட மோசம், நோட்டு எழுதுவது நின்றுபோயிற்று. எஃப் எண்ணையும் வேகத்தையும் கேமராவே குறித்துக்கொள்ளும்போது நோட்டு எதற்கு என்ற நினைப்பு. 'நெனச்சது' என்ற கட்டத்தை எந்தக் கேமராவும் நிரப்பாது என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. மறுபடி நோட்டை எடுத்தேன். "அப்பா, ஒரே கொளத்த எத்தன மட்டம்தான் எடுப்பிய?" என்று மகள் கேட்பாள்.

2022-ல் சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு பறவை பார்க்கிற இளைஞர்கள் சிலர், பழைய படம் இருக்கிறதாமே என்று வீட்டுக்கு வந்தார்கள். நான் பெருமையாக எடுத்து வைத்தது அஸ்தமனமும் தாமரையும். மரியாதைக்குப் பார்த்துவிட்டு ஒதுக்கிவிட்டார்கள். ஒருவன் 'வெறும் தண்ணி' கவரைத் திறந்தான். மேசை விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்து, புள்ளிகளை எண்ண ஆரம்பித்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. "1993 தை மாசம், கூழைக்கடா பதினேழு. சரியா சார்?" என்றான். தண்ணீர் எந்தப் படிவரை நின்றது, கரைக்கு அந்தப் பக்கம் வயல் எந்த வருஷம்வரை இருந்தது, எப்போது கல் நட்டு மனை பிரித்தார்கள் என்று படத்துக்குப் படம் கேட்டார்கள். நோட்டைப் பார்த்துச் சொன்னேன். அன்று சாயங்காலம் வரை அஸ்தமனப் படங்கள் அப்படியே நாற்காலியில் கிடந்தன.

நோட்டு இப்போது நான்காவது. கடைசியாக எழுதியது இது: 'ஐப்பசி 12. காலை 6.10. தேரூர். நெனச்சது: மழை தெளிஞ்சதும் தண்ணியில வானம். வந்தது: மழை தெளியல்ல. குடை எடுக்க மறந்தாச்சு. படம் இல்ல. இலைக்கோழி நாலு.'